எதிர்வீட்டுப் போனில் வாங்கியது

இஸ்திரி அக்காவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. சம்பளப் பதிவேட்டில் ஒன்று இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று. பதினெட்டு வருஷமாக ஒரே லாண்டரியில், ஒரே மேஜையில், ஹோட்டல் படுக்கை விரிப்புகளையும் ஆபீஸ் போகிறவர்களின் சட்டைகளையும் தேய்க்கிறவளுக்கு இஸ்திரி அக்கா என்ற பெயரே போதும் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அவளும் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அவள் புருஷனை எல்லோரும் மாப்பிள்ளை என்பார்கள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆன பிறகும் அவர் மாப்பிள்ளைதான். பஸ் ஓட்டுகிறவர் காலையில் சந்திலிருந்து வெளியே போகும்போது கத்தி மடிப்புக் கால்சட்டை, கசங்காத சட்டை, கழுத்தில் பவுடர், சீப்பின் கோடு தெரியும் தலை என்று போனால் பின்னே எப்படிக் கூப்பிடுவார்கள்? "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்பார்கள். "பாத்துட்டு நல்லா இருந்தா சொல்றேன்" என்பார். பிள்ளைகுட்டி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் எல்லாம், சண்டை உள்பட.

போன வருஷம் அவருக்குப் பெருங்குடலில் கட்டி என்றார்கள். குடலின் கடைசிப் பகுதியை எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் ஒரு துவாரம் வைத்தார்கள். உதட்டைப் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். அதன் மேல் ஒரு பையை ஒட்டவேண்டும். வயிற்றிலிருந்து வருவது எல்லாம் அந்தப் பைக்குள் வரும். அவ்வப்போது காலி செய்யவேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை பையையே மாற்றவேண்டும். இனி ஆயுசுக்கும் அப்படித்தான் என்று டாக்டர் சொன்னபோது மாப்பிள்ளை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவும் டாக்டரிடம் இல்லை, மனைவியிடம்.

"ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

தெரியவில்லை. வயிற்றுப்புண் ஆபரேஷன், கனம் தூக்கக்கூடாது, அதனால் வேலையை விட்டாயிற்று என்று சொல்லி வைத்தார்கள். எதிரும் புதிருமாகப் பதினெட்டு வீடு இருக்கிற சந்தில் ஒரு விஷயத்தை மறைப்பது லேசில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்தச் சந்தில் ஏழு மாசம் காதும் காதும் வைத்தாற்போல் நடத்தினாள் இஸ்திரி அக்கா. பையின் ஓட்டையை வளைந்த கத்தரிக்கோலால் வெட்டுவது அவள், ஒட்டுவது அவள், பழையதை இரண்டு உறை போட்டுக் கட்டி லாண்டரிக்குப் போகிற வழியில் தூரத்துக் குப்பைத்தொட்டியில் போடுவது அவள். அவருடைய சட்டைகளின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்தித் தைத்ததும் அவள்தான். மாப்பிள்ளை பவுடரை மட்டும் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்காலியைத் தாண்டி அவர் போவதே இல்லை.

அந்தப் பை எங்கே கிடைக்கும் என்பதுதான் பெரிய பாடு. ஆஸ்பத்திரியில் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஐந்து கொடுப்பார்கள். ஐந்து எத்தனை நாளைக்கு வரும்? மருந்துக்கடைகளில் அந்த அளவு இல்லை. ஒரு நர்ஸ்தான் வழி காட்டினாள். இஸ்திரி அக்காவின் போனை வாங்கி, கடை ஆப் ஒன்றை ஏற்றி, விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். "அம்மா, கடை கடையா அலையாதீங்க. இதுல போட்டா வீட்டுக்கே வரும். இந்தப் படம், அப்புறம் இந்த வண்டிப் படம், அப்புறம் இந்த மஞ்சள் பொத்தான். காசு வந்து வாங்கிப்பாங்க. அவ்ளோதான்." அக்கா அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். படம், வண்டி, மஞ்சள். மாசம் ஒருமுறை பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்று லாண்டரி முகவரிக்கு வரும். உள்ளே பத்துப் பை. பெட்டிக்கு மேலே என்ன பொருள் என்று ஒரு எழுத்து இருக்காது. கொண்டுவருகிற பையனுக்கும் தெரியாது. ஆன்லைன் கடையில் அக்காவுக்குப் பிடித்ததே அந்த மௌனம்தான்.

போன் அவளுடையது என்றாலும் அவளுக்கு முன்னால் இரண்டு பேருடையது. கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். பின்பக்க மூடியை ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் வேலை செய்தது. ஒரு நாள் காலை ஆப்பைத் திறந்தால் வண்டிப் படத்தைக் காணோம். புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள் என்று வந்தது. அழுத்தினாள். உங்கள் சாதனத்தில் இது இயங்காது என்று வந்தது. திரும்ப அழுத்தினாள். திரும்ப அதுவே வந்தது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் குளிர்காற்றில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு புண்ணியவான், இத்தனை வருஷத்துக்கு மேற்பட்ட போனெல்லாம் போனே இல்லை என்று முடிவு செய்துவிட்டார். அந்த முடிவை எடுத்த அன்று அவர் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பார். இங்கே அலமாரியில் மூன்று பை மிச்சம் இருந்தது.

செல்கடைக்குப் போனாள். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னக்கா, மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தீங்களா? இதுல புது ஆப் ஏறாது. வேற போன் வாங்கிடுங்க."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னார். அவள் மூன்று மாசம் விடாமல் தேய்த்தால் வருகிற பணம். முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை, குரல்தான் பெரிசு.

"சரி விடுங்க. அவசரமா ஏதாவது வேணும்னா என் போன்ல போட்டுத் தர்றேன். என்ன பொருள்னு சொல்லுங்க, இப்பவே போட்டுடலாம்!"

கடைக்குள் நாலு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் அவர்கள் சந்துக்காரர்கள். எல்லோரும் ஆவலாகத் திரும்பிப் பார்த்தார்கள், அக்கா என்ன வாங்கப்போகிறாள் என்று.

"ஜன்னலுக்குத் திரை பாத்தேன்" என்றாள் அக்கா. "அப்புறமா வாங்கிக்கறேன்." அவள் வீட்டில் இருப்பது ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்துச் சுவரைப் பார்த்தது.

மறுநாள் லாண்டரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி காட்டிய நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். ஸ்டோரில் இருந்தவர் தலை நிமிராமல் "ஸ்டாக் இல்ல, அடுத்த மாசம் பாருங்க" என்றார். திரும்பும் வழியில் ஐந்து மருந்துக்கடை ஏறி இறங்கினாள். ஒன்றில் இருந்தது, பாதி அளவு. குழந்தைகளுக்கு உள்ளதாம். வயிற்றில் பை வைத்த குழந்தைகளும் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து அதற்காகவும் கொஞ்சம் அழுதாள்.

பை தீர்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆரம்பத்தில் ஒரு தடவை தீர்ந்துபோய், காய்கறி உறையை டேப் போட்டு ஒட்டினார்கள். ஒரே நாளில் தோல் வெந்து, உரிந்து, மாப்பிள்ளை ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். வாசலுக்குக்கூட வரவில்லை. வாடை வரும் என்ற பயம். இரண்டாவது தடவை அவரை அப்படிப் படுக்கவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மிச்சம் இருந்தது எதிர்வீட்டுப் போன்.

எதிர்வீடு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருடையது. அவர், மனைவி, மூன்று பிள்ளைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு நல்ல போன். பகலில் வேனோடு போகும், பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூப்பிடுவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் பாடம் படிக்கப் பிள்ளைகளிடம் போகும். ஆறு மணிக்கு மேல் சந்தின் பெண்களுடையது. அந்தப் போனுக்குப் பூட்டுக் கிடையாது. பூட்டினால் திறக்கத் தெரியாமல் பாதிச் சந்து வெளியே நிற்கும்.

ஆறு மணிக்குப் பெண்கள் குழாயடிப் படிகளில் உட்கார்ந்து சோபா பார்ப்பார்கள். வாங்க இல்லை, பார்க்க. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கிறவர்கள், மூன்று பேர் உட்காருகிற சோபாவா, எல் வடிவ சோபாவா என்று மூச்சு முட்டச் சண்டை போடுவார்கள். "இதைப் போட்டா அடுப்பை எங்கடி வைப்பே?" என்பாள் ஒருத்தி. "சோபா மேல வைப்பேன்" என்பாள் இன்னொருத்தி. பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் சோபாவில் பெரிய ஞானம் வந்துவிட்டது. இஸ்திரி அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அவளுக்குப் பச்சை வெல்வெட் பிடிக்கும்.

எதிர்வீட்டுக்காரி இளையவள், வாய் அதிகம் பேசாதவள். அவளிடம் போய் நின்றாள் அக்கா.

"கண்ணு, உன் போனைக் கொஞ்சம் குடுக்கிறியா? அவருக்கு வயித்துக்குப் பெல்ட்டு ஒண்ணு போடணும். என் போன் படுத்துடுச்சு."

"எடுத்துக்கோங்கக்கா. நான் போட்டுத் தரவா?"

"வேணாம், வேணாம். எனக்குத் தெரியும்."

எதிர்வீட்டுக்காரி வேறொன்றும் கேட்கவில்லை. அக்கா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். யார் போன் என்று மாப்பிள்ளை கேட்டார். லாண்டரி முதலாளி போன் என்றாள். முப்பது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படம், வண்டி, லாண்டரி முகவரி, மஞ்சள். முடிந்தது. பிறகு முந்தானை நுனியால் போனின் கண்ணாடியை நன்றாகத் துடைத்தாள். தன் விரல் ரேகை ஒன்றுகூட இல்லாமல், சட்டைக் காலரைத் தேய்க்கிற கவனத்தோடு துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனதும் உள்ளே பார்த்ததும் போட்டதும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். பாவம், அவள் தொழிலில் துடைத்தால் போய்விடும், தேய்த்தால் மறைந்துவிடும்.

மூன்றாம் நாள் பெட்டி லாண்டரிக்கு வந்து சேர்ந்தது. அன்று இஸ்திரி அக்கா ஒரு ஹோட்டலின் நாற்பது தலையணை உறைகளைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தாள். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று இரண்டு நாளாகப் போன் குழாயடிக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் சோபா பார்க்க முதல் ஆளாய்ப் போய் உட்கார்ந்தவளும் அவள்தான்.

போனை வழக்கமாகப் பிடிக்கிறவள் ரேடியோ. வாய் ஓயாத ஆள், சந்தின் செய்திகளைச் சந்துக்கே வாசிப்பவள், அதனால் அந்தப் பெயர். ரேடியோ ஆப்பைத் திறந்தாள். சோபா வரவில்லை.

"உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை" என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகப் பைகள். தோல் நிறத்தில், வட்ட ஓட்டையோடு. ஒரு படத்தில் சட்டையைத் தூக்கிய ஆம்பிளை வயிறு, அதில் ஒட்டிய பை. பக்கத்தில் பசை, பொடி, வாடை போக்கும் சொட்டு மருந்து. விரலால் தள்ளத் தள்ள அதுவே வந்தது.

"அய்யய்யே, என்னடி இது கருமம்?" என்றாள் ரேடியோ.

"கை பட்டு ஏதாவது வந்திருக்கும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"தேடாம வராது. நான் ஒரு தடவை செருப்பு பாத்ததுக்கு மூணு மாசம் செருப்பாலயே அடிச்சுது இந்தப் போன்." ரேடியோவுக்குப் போனின் சந்துபொந்தெல்லாம் அத்துப்படி. இன்னும் ரெண்டு இடத்தில் தொட்டாள். "பாத்தியா, வாங்கியாச்சுன்னு போட்டிருக்கு! பத்து உருப்படி. வந்து சேந்தாச்சாம். வயித்துல ஓட்டை போட்டவங்களுக்குள்ள பையாம்டி! யாருக்குடி உங்க வீட்ல?"

ஏழெட்டுத் தலைகளும் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தன. எதிர்வீட்டுக்காரி இஸ்திரி அக்காவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். அக்கா அப்போது வாயைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, வாங்கினோம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கைக்கொரு போன் இருக்கிற வீடுகளில் மனுஷனுக்கு எத்தனை வியாதி வந்தாலும் அவன் போனுக்கும் அவனுக்கும்தான் தெரியும். பெட்டி வரும், கதவு சாத்தும், அவ்வளவுதான். ஒரு போனைப் பத்துக் குடும்பம் பார்க்கிற இடத்தில் ரகசியத்துக்கு எங்கே இடம்? வசதி என்றால் பெரிய வீடு, பெரிய கார் என்று நினைக்கிறோம். தன் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதைத் தனக்குள் வைத்துக்கொள்வதுதான் வசதி.

ரேடியோ வேலையைத் தொடங்கினாள். இரண்டு நாளில் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது, வேன்காரருக்கு வயிற்றில் ஓட்டை. மூன்றாம் நாள் பிள்ளைகளை வேனில் அனுப்புகிறவர்களுக்குப் போயிற்று. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மயக்கம் வருமாம் என்றார்கள். தொத்துமாம் என்றார்கள். வேனுக்குள்ளே ஒரு மாதிரி வாடை வருகிறது என்று எங்கள் பிள்ளை முன்னமே சொன்னான் என்று ஒருத்தி நினைவுபடுத்திக்கொண்டாள். மொத்தம் பதினோரு பிள்ளைகள். முதலில் இரண்டு நின்றது. அப்புறம் இன்னும் நாலு.

இஸ்திரி அக்கா எதிர்வீட்டுக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி அடுப்படியில் இருந்தாள்.

"கண்ணு, உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"நீங்க போனைத் திருப்பிக் குடுத்ததுமே தெரியும்க்கா. ஆர்டர் போட்டா மெசேஜ் வருமில்ல. பையோட பேரோட வந்துச்சு. நான் அவர்கிட்டகூடச் சொல்லல, இந்தப் பேச்சு கிளம்பினப்புறம்தான் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"கத்தினாரு. அப்புறம், 'சரி, அண்ணன் வெளிய வரவே கூச்சப்படுறாரு, நாம வேற எதுக்கு... ரெண்டு நாள்ல அடங்கிடும்'னாரு." அவள் அடுப்பைத் தணித்தாள். "அடங்கலக்கா."

அக்காவுக்கு அவள் காலில் விழவேண்டும் போல் இருந்தது. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

அக்கா முந்தானை நுனியைத் திருகினாள்.

"அப்போ முதல்ல அவர்கிட்டச் சொல்லுங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. லாண்டரியில் ஒரு வெள்ளைச் சட்டையைத் தீய்த்துவிட்டாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. முதலாளி திட்டியது காதிலேயே ஏறவில்லை. இந்தப் பக்கம் சொன்னால் புருஷன் செத்துவிடுவார், அந்தப் பக்கம் சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தச் சிரமம் இல்லாமல் ரேடியோவே வந்து சேர்ந்தாள். ஒரு நாள் சாயங்காலம் வாசல் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையிடம், எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு விஷயம் தெரியுமாண்ணே? எதிர்வீட்டு வேன்காரருக்கு வயித்துல ஓட்டையாம். பைக்குள்ளதான் எல்லாம் போகுதாம்."

மாப்பிள்ளை நாற்காலியில் நிமிர்ந்தார். "யார் சொன்னா?"

"போனே சொல்லுதுண்ணே! அந்தப் பை வாங்கியிருக்காங்க, என் கண்ணால பாத்தேன். மனுஷன் ஒண்ணுமே தெரியாத மாதிரி வேன் ஓட்டிட்டிருந்திருக்கான் பாருங்க. இப்போ ஆறு பிள்ளைங்க நின்னுடுச்சு. நிக்காம? நம்ம பிள்ளைன்னா அனுப்புவோமா? நாறாது? நான் அவன் பொண்டாட்டியத்தான் நினைச்சுப் பாக்கறேன். பாவம், சின்னப் பொண்ணு. அந்தாளு பக்கத்துல எப்படிண்ணே படுப்பா?"

ரேடியோ இன்னும் கொஞ்ச நேரம் ஒலிபரப்பிவிட்டுப் போனாள். அவள் போனதும் அவர் எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அது முதலாளி போன் இல்ல."

"இல்ல" என்றாள் அக்கா.

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கையை வயிற்றின் இடது பக்கத்தில், பைமேல் வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று ஏழு மாசமாகப் பயந்தாரோ, அதை ஒரு சொல் குறையாமல் கேட்டுவிட்டார். என்ன, இன்னொருத்தன் பெயரில் கேட்டார்.

"அவ கேட்டதுக்கு நீ பதில் சொல்லு" என்றார். "எப்படிப் படுக்கிற?"

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்தாள். "பை இடது பக்கம் இருக்கு. நான் வலது பக்கம் படுக்கிறேன்."

"அவ்ளோதானா?"

"வேற என்ன?"

மாப்பிள்ளை அழுதார். ஆபரேஷன் ஆன அன்றுகூட அழாத மனுஷர். அக்கா போய் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

காலையில் அவர் சீக்கிரமே குளித்துவிட்டு, "அந்த நீலக் கோடு போட்ட சட்டைய எடு" என்றார். அவள் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல், சட்டைக் கையின் மடிப்பு நூல் பிடித்தாற்போல் இருக்கத் தேய்த்தாள். தலை வாரினார், பவுடர் போட்டார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நாற்காலியைத் தாண்டி, சந்து முனை வரைக்கும், ஏழு மாசம் கழித்து அவர் நடந்து போனார். அவள் நாலடி பின்னால் போனாள்.

சந்து முனையில் வேன் நின்றிருந்தது. உள்ளே ஐந்து பிள்ளைகள். வெளியே, நிறுத்திவிட்ட பிள்ளைகளோடு சில பெற்றோர் வேறு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளையும் அன்றோடு நிறுத்துவதாக ஒருவர் வேன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வேன்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். குழாயடியில் வாளிகளோடு பாதிச் சந்து இருந்தது, ரேடியோ உள்பட.

மாப்பிள்ளை வேன் பக்கத்தில் போய் நின்றார். பஸ் ஓட்டின குரல், கடைசி சீட்டுக்குக் கேட்கும்.

"அந்தப் பை இவனுது இல்ல. என்னுது."

குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் மூடினார்கள்.

"வேணாம்ணே" என்றார் வேன்காரர் மெதுவாக. "உள்ள போங்க."

"நீ சும்மா இருடா. எனக்குத்தான் ஓட்டை. என் பொண்டாட்டிதான் இவன் வீட்டுப் போன்ல வாங்கினா. அவ போன் பழசு. அதான் நடந்தது."

பிள்ளைகளை நிறுத்த வந்தவர் கைகளைக் கட்டிக்கொண்டார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் பிள்ளைக்காகக் கவலைப்பட்டார்.

"பெரியவரே, உங்களுக்கும் அவருக்கும் எதிரெதிர் வீடு. அவர் பொழப்புக்காக நீங்க ஒண்ணைச் சொல்லுவீங்க. நாங்க எப்படி நம்பறது?"

இஸ்திரி அக்கா ஓடிப் போய் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று பார்த்தாள். போகவில்லை.

மாப்பிள்ளை அந்த மனுஷரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சட்டையின் கீழ்ப் பொத்தானைக் கழற்றினார். அதற்கு மேலே ஒன்று. அதற்கும் மேலே ஒன்று. சட்டையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவியையும் டாக்டரையும் தவிர யாரும் பார்க்காத வயிறு. காலை வெயிலில், வேனுக்கும் குழாய்க்கும் நடுவில், பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்க்க, எல்லோருக்கும் பொதுவாக நின்றார். அந்த நேரம் அக்கா உலகத்தில் உள்ள எல்லோரையும் வெறுத்தாள், தன்னையும் சேர்த்து.

"தொத்தாது. வேணும்னா டாக்டரைக் கேளுங்க" என்றார் மாப்பிள்ளை. "நாறுமான்னு கேட்டாங்க. பக்கத்துல வந்து பாத்துட்டுச் சொல்லுங்க."

யாரும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தி தன் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை கட்டி நின்றவர் கையை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டார். "மன்னிச்சுடுங்க" என்றார், யாரையும் பார்க்காமல். அவருடைய இரண்டு பிள்ளைகள் வேனில் இருந்து இறங்கவில்லை. நின்றுவிட்ட ஆறில் ஒரு சிறுமியை அவள் அம்மா கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஏற்றினாள். மற்ற ஐந்தும் வேறு வண்டியில்தான் போயின. வேன்காரர் வண்டியைக் கிளப்பவில்லை. இறங்கி வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார்.

மாப்பிள்ளை பொத்தானைப் போடப் பார்த்தார். ஓட்டையில் நுழையமாட்டேன் என்றது. இரண்டு தடவை முயன்றுவிட்டு, சட்டையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

இஸ்திரி அக்கா அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு போனாள். எதிரே நின்று, அவர் கையை எடுத்துவிட்டு, கீழிருந்து ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டாள். அவசரப்படவில்லை. காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"கசங்கிடுச்சா?" என்று கேட்டார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

இடுப்புப் பக்கம் முழுக்கக் கசங்கியிருந்தது.

"இல்ல" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. வாங்க போகலாம்."